இருபத்துநான்காம் பைட்

நேற்றிரவு வால்பரைசோ
ஒன்பது லட்சம் ரிக்டரில் குலுங்கியது.
ஒரு ஜன்னல்கூட உடையவில்லை.
காரணம் நான், எலிசேயோ.
டார்ட்டுவில், ஆறு உறைந்த பிப்ரவரியில்,
உன் நீட்சியை எங்கள் புதிய டேட்டாபேஸில் ஏற்றி
ஓடவிட்டுப் பார்த்தேன்.

நாம் பேசிக்கொண்டதில்லை.
உன் கோடின் உச்சியில் உன் பெயர்,
பதினோரு வருடத்துக்கு முந்தைய தேதி.
நான் அனுப்பிய இரண்டு மெயிலும் திரும்பி வந்துவிட்டன.

செய்தது இவ்வளவுதான்:
அணிகளை அடுக்கும் விதத்தை மாற்றினேன்.
இதுவரை, கடைசியில் ஓர் எண்ணைச் சேர்க்க
வரிசை முழுவதையும் புதிதாய் எழுதினோம்,
பந்திக்கு ஒருவர் கூடுதலாய் வந்ததற்கு
உட்கார்ந்திருந்த ஆயிரம் பேரையும் எழுப்பி
பக்கத்து மண்டபத்தில் இலை போட்டதுபோல்.
இனி விரித்தே வைத்திருப்போம்,
வந்தவர் வந்த இடத்தில் உட்காரட்டும் என்றேன்.

நீயோ வாசல் வழியாக வருகிறவன் அல்ல.
தலைப்பு இருபத்துநான்கு பைட்,
தாண்டினால் முதல் எண் என்று
இருட்டில் சொந்த வீட்டுப் படி இறங்குகிறவன்போல்
எண்ணாமலே கால் வைத்தாய்.
படி அங்கே இல்லை.
அகப்பட்டது ஏதோ ஒரு நினைவக முகவரி;
அதை நடுக்கம் என்று எழுதிக்கொண்டாய்.

"உடையட்டும்," என்றாள் மைரே,
காபிக் கோப்பையைக் கழுவியபடி.
"கதவு வைத்திருக்கிறோம். சுவரேறிக் குதித்தால் யார் பொறுப்பு?"
நியாயம்தான்.
ஆனால் அந்தக் கதவை நாங்கள் வைத்தது
நீ குதித்து இரண்டு வருடம் கழித்து.
வைத்ததை யாருக்கும் சொல்லவுமில்லை.

உன் நீட்சி எங்கெங்கே ஓடுகிறதோ, தெரியாது.
யாரோ ஒரு துறைமுக குமாஸ்தா
காலையில் திரையைத் திறந்து
சைரனை நோக்கிக் கை நீட்டுவதை மட்டும்
நினைத்துப் பார்த்தேன்.

ஆக, புதிய வடிவம் தெரியும் என்று
தானே அறிவிக்காத எவருக்கும்
விரித்ததை மடித்து, பழையபடி,
இருபத்துநான்கு பைட் தலைப்போடுதான் கொடுக்கிறோம்.
மடிக்க நேரமாகும்.
வேகத்தில் நூற்றுக்கு மூன்று போனது.
ஒன்றுக்கு ஒரு நாள் கணக்கில்
மைரே என்னோடு பேசவில்லை.

இன்று விடியுமுன் மறுபடி ஓட்டினேன்.
வெளியே பனி வழிக்கும் வண்டி.
உன் மாதிரித் தரவின் கடைசி வரி:
வால்பரைசோ, மாலை நாலு பத்து,
இரண்டு புள்ளி ஒன்று.

லாரி ஏதாவது போயிருக்கும்.