பதினேழாம் வரி

லியெபாயாவில் பிப்ரவரி.
கடைசி டிராம் போன அதிர்வில்
சன்னல் கண்ணாடி ஒருமுறை பல்லைக் கடித்துக்கொள்கிறது.

காலை ஒன்பதுக்குள்
நாற்பது வீடுகளின் வெப்பக் கணக்கை நான் அனுப்பியாக வேண்டும்.
கணினியோ
நீலமாகிறது, அணைகிறது,
தானே எழுந்து மறுபடி நீலமாகிறது,
நீந்தத் தெரியாதவன் தலை
தண்ணீருக்கு மேலே வந்து வந்து போவதுபோல.

ஒருவழியாக நின்றது.
கறுப்புச் சாளரத்தைத் திறந்து,
தம்பி மகன் ரெய்னிஸ் தொலைபேசியில் சொன்ன கட்டளையை
எழுத்தெழுத்தாகத் தட்டினேன்.
ஓர் இடைவெளி விட்டுப்போயிற்று.
அதற்கு ஒரு திட்டு வாங்கி
மறுபடி தட்டினேன்.

சரிபார்ப்பு தொடங்குகிறது.
நான்கு சதவீதம்.
ஒன்பது.
தேநீர் போட்டுக் குடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று,
இருபது.
இருபதிலேயே.

என் கோப்புகளுக்கு ஒன்றுமில்லையாம்.
மகள் கல்யாணப் படங்கள், வரி ரசீதுகள்,
எழுதி அனுப்பாத இரண்டு கடிதங்கள்
எல்லாம் வைத்த இடத்தில் பத்திரம்.
கெட்டுப்போனவை
நான் பெயர் வைக்காதவை,
ஒருநாளும் திறந்து பார்க்காதவை,
ஆயிரக்கணக்கில் இதே பெட்டிக்குள் குடியிருந்தும்
ஒரு வணக்கம்கூட என்னிடம் வாங்காதவை.
அவற்றில் ஏழோ எட்டோ படுத்துக்கொண்டதும்
என் பெயரை நான் தட்ட முடியவில்லை.

நள்ளிரவுக்குப் பத்து நிமிடம். நூறு.
சிதைந்த கோப்புகள் காணப்பட்டன.
சிலவற்றைச் சரிசெய்ய இயலவில்லை.
எந்தச் சில என்று கேட்டால்
டாக்டர் கையெழுத்துபோல ஒரு பதிவேடு,
முந்நூறு பக்கம்.

"பத்திரப்படுத்திய அசலே அழுகிப்போச்சு, அத்தை.
இதே பதிப்பு, இதே எண்,
நல்லபடியா ஓடுற கணினி
யார்கிட்டயாவது இருக்கா?"

இருக்கிறது.
மூன்றாம் மாடியில், குன்வால்டிஸிடம்.
ஒரே நாளில், ஒரே தள்ளுபடியில்,
ஒரே டாக்சியில் கொண்டுவந்தோம் இரண்டையும்.
அந்தக் கடையில் இப்போது பல் பிடுங்குகிறார்கள்.
அவரும் நானும் பேசி நான்கு மாதம்.
வெப்பக் கட்டணத்தில் தப்பு என்று
மாதம் தவறாமல் எனக்கு ஒரு கடிதம் எழுதுவார்,
எழுதியதைப் படிக்கட்டில் நின்று உரக்க வாசிப்பார்.
கூட்டல் தெரியாதவள் என்றார் ஒருமுறை.
வீட்டுக்கு வந்து ஆறுதரம் கூட்டிப் பார்த்தேன்.
கூட்டல் சரி.

தட்டினேன்.
வீட்டுக்குள்ளேயே கம்பளிக் குல்லாய், மேலங்கி.
என் கையிலிருந்த பென்டிரைவைப் பார்த்தார்.
"எந்தப் பதிப்பு?"
அவ்வளவுதான்.
நகல் ஏறும் பச்சைக் கோட்டை
இருவரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்,
பால் பொங்கக் காத்திருப்பவர்கள் மாதிரி.
அவருடைய ரேடியேட்டரில் கை வைத்தேன்.
மூடியிருந்தது.

மூன்று மணிக்கு
அவர் வீட்டுக் கோப்புகள்
என் வீட்டுக் கோப்புகளின் இடத்தில் போய் உட்கார்ந்தன.
எழுத்துக்கு எழுத்து வித்தியாசமில்லை.
கணக்கு திறந்தது.

பதினேழாம் வரி. வீடு பதினொன்று. குன்வால்டிஸ்.
பரப்பு: அறுபத்து நான்கு சதுர மீட்டர்.

அந்த வீட்டில்தானே இப்போது நின்றுவிட்டு வந்தேன்!
சமையலறையில் ஒருவர் திரும்பினால்
இன்னொருவர் வெளியே போக வேண்டும்.
நாற்பத்தாறு.
அக்டோபரில் என் விரல் எண்ணைத் திருப்பிப் போட்டிருக்கிறது.
கூட்டலைத்தான் பார்த்தேன் ஆறுதரமும்,
கூட்டப்பட்டதைப் பார்க்கவில்லை.

இந்தக் கோப்பை எத்தனை முறை சோதித்தாலும்
பழுதில்லை என்றே சொல்லும் இயந்திரம்.
இதற்கு எங்கும் அசல் இல்லை,
ஒப்பிட்டுப் பார்க்க அந்தக் கடிதங்களைத் தவிர.
அவற்றை நான்
பழைய காகிதக் கூடையில் போட்டிருந்தேன்.

அறுபத்து நான்கை அழித்தேன்.
சேமிக்கவா என்றது.
சேமி.

பென்டிரைவ் செருகியபடியே இருக்கிறது,
சின்ன விளக்கு மினுக்கிக்கொண்டு.
விடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.
கதவு திறந்ததும் எதை முதலில் நீட்டுவது,
நன்றியையா,
நூற்றுப் பதினைந்து யூரோ இருபது சென்ட்டையா?