கொடுப்பினை

ரீகாவில் காலை நான்கே முக்கால்.
பனி விழுந்துகொண்டே இருக்கிறது.
மூக்குச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு
பெல்ட் லோடரை ஒட்டி நிறுத்தி
சரக்கறைக் கதவைத் திறக்கிறேன்.

உள்ளே குனிந்துதான் நிற்க முடியும்.
அங்கே இருக்கிறது
ஒருவனுடைய கையெழுத்து.

கனத்த பெட்டிகள் அடியில்.
கைப்பிடிகள் எல்லாம் வெளிப்பக்கம்.
குழந்தை வண்டிகள் கதவோரம்.
ஒரு செல்லோவை
இரண்டு துணிமூட்டைகளுக்கு நடுவே
காய்ச்சல்காரனைப் போல் படுக்கவைத்திருக்கிறான்.

இதை அடுக்கியவனுக்கு இடுப்புவலி உண்டு.
ஆறு வருடமாகத் தெரியும்.
முகம் தெரியாது.

திரும்பும் விமானத்தில் நானும் அப்படியே அடுக்குவேன்,
கைப்பிடி அவன் கைக்கு வரும்படி.
எந்த ஒப்பந்தத்திலும் இது இல்லை.

*

என் மேல்சட்டை முதலில் பச்சை.
அப்புறம் மஞ்சள். இப்போது நீலம்.
ஏலத்துக்கு ஒரு நிறம்.
இழுவை வண்டி மட்டும் பழையது,
இடப்பக்கமே இழுக்கும்.
பணிமூப்பு ஒவ்வொரு முறையும் பூஜ்யத்திலிருந்து.

நீலம் அந்த நாட்டுக் கம்பெனி.
பெயர் வேண்டாம், வழக்கு நடக்கிறது.
வந்தார்கள், விலை கேட்டார்கள், எடுத்தார்கள்.
முறைதான், கதவு திறந்திருந்தது.
மஞ்சள்காரர்கள் அங்கே போய்க் கேட்டபோது
இரண்டாவது ஆளுக்கு இடமில்லை என்றார்கள்,
விமானத்தளம் குறுகலாம்.
படத்தில் பார்த்தேன்.
எங்களுடையதை நான்கு முறை மடித்து
அதற்குள் வைக்கலாம்.

"பெண் எடுப்பார்கள், கொடுக்க மாட்டார்கள்.
இது என்ன சம்பந்தம்?" என்றான் கிர்ட்ஸ்,
கையுறையை ஹீட்டர் மேல் காயப்போட்டபடி.
கொள்வினை என்றால் கொடுப்பினையும் வேண்டும்.
சரி என்றுதான் எனக்கும் பட்டது.

*

அமைச்சகத்தில் விசாரணை.
தொழிலாளர் தரப்பில் விஸ்மா ஓஸொலா, அதாவது நான்.
கம்பளத்தில் என் பூட்ஸ் உருகிக்கொண்டிருந்தது.

பரஸ்பரம் என்ற சொல்லைப்
பதினேழு முறை சொன்னார் வக்கீல்.
அவர்கள் சாத்தினால் நாமும் சாத்துவோம்.
நியாயம்.
நியாயம்தான், ஐயா.
சாத்தும்போது கதவிடுக்கில்
யார் விரல் இருக்கிறது என்று மட்டும் கேட்டேன்.
குறிப்பெழுதிய பெண் நிமிர்ந்து பார்த்தாள்.
எழுதவில்லை.

இடைவேளையில் நீலக் கம்பெனி அதிகாரி
காப்பி ஊற்றிக் கொடுத்தார், நல்ல மனிதர்.
எதிர்முனையில் யார் ஏற்றுகிறார்கள் என்றேன்.
நாங்கள்தான், என்றார். அங்கே வேறு யார்?

ஆக அவன் சட்டையும் நீலம்.
எனக்காவது அடுத்த ஏலத்தில் ஒரு நிறம் மாறும்.
இடுப்பு போனால்
வேறு வாசலைத் தட்ட அவனுக்கு
வேறு வாசல் கிடையாது.
பூட்டிய கதவை நாங்கள்
வெளியிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தோம்.

*

தீர்ப்பு இன்னும் வரவில்லை.
பிப்ரவரியில் ஒரு விடியல், அதே விமானம்.
கதவைத் திறந்தேன்.

குழந்தை வண்டி மேல் இயந்திரப் பெட்டி.
கைப்பிடிகள் உள்பக்கம், சுவரைப் பார்த்து.
வலைகூடக் கட்டவில்லை.
ஒரு பெட்டி உருண்டு என் முழங்காலில் வந்து நின்றது.

கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தேன்.
கீழேயிருந்து கிர்ட்ஸ் கத்தினான்,
நாற்பது நிமிடம்தான், விஸ்மா!

இறக்கினோம்.
பிறகு ஏற்றினோம்.
கனம் அடியில். வண்டிகள் கதவோரம்.
கைப்பிடி வெளியே.
எதற்கு இன்னும், என்றான் அவன்.

புதிதாக வந்தவனுக்கும்
இடுப்பு என்று ஒன்று இருக்கும் அல்லவா?