ஈரத் துணியின் எடை

கம்பளிக் கொட்டகையில் எனக்குத் தராசு வேலை.
ஒன்பது வருஷம்.
மூட்டையில் தண்ணீர் தெளித்துக் கொண்டுவருகிறவனை
கைவைத்த உடனே தெரிந்துவிடும்.
ஈரம் எடையில் பொய் சொல்லும்.
நான் படித்த படிப்பு அவ்வளவுதான்.

பிரசவ அறையில் லிமகாட்சோ
மாவு நிறுக்கும் தராசொன்றில்
என் கீழிருந்து உருவிய துணிகளைப் போட்டாள்.
உலர்ந்த துணி இவ்வளவு, அதைக் கழி,
மிச்சமெல்லாம் நான்.
"எழுநூறு" என்றாள் யாரிடமோ.
பிறகு, "ஆயிரத்து நூறு."
கொட்டகையில் நான் கூவுகிற அதே குரல்.
ஈரம் உண்மை சொல்லி
அன்றுதான் கேட்டேன்.

அப்புறம் கேட்கவில்லை.
ஜன்னலில் பனி.
கால் யாருடையதோ போல் குளிர்ந்தது.
பயமில்லை, அதுதான் இப்போது பயம்.

மூன்றாம் நாள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து
கையை முஷ்டியாக்கிக் காட்டினாள்:
"நஞ்சு விழுந்ததும் கருப்பை இப்படி இறுகணும்.
இறுகினால்தான் குழாய்களின் வாய் மூடும்."
விரல்களை விரித்தாள்:
"உன்னுடையது இப்படிக் கிடந்தது."

கடைசி மாசம் வரை மூட்டை தூக்கினேனே, அதுவா?
தண்ணீருக்கு இறங்கி ஏறினேனே, அதுவா?
"இருபத்தாறு மணி நேரம் உழைத்த தசை.
களைத்துப்போச்சு.
அது உன் குணம் இல்லை, அம்மா."

ஊசி போட்டாளாம். இன்னொன்றும்.
பிறகு தன் முஷ்டியை உள்ளே வைத்து
வயிற்றின் மேலிருந்து மறுகையால் அழுத்தி
வண்டி மலைப்பாதை ஏறி வரும்வரை நின்றாளாம்.
எவ்வளவு நேரம் என்றேன்.
"தோள் இன்னும் வலிக்கிறது" என்று சிரித்தாள்.

மூன்று பை ரத்தம்.
பெயரில்லை. ஒரு தேதி,
'ஓ' என்று ஒற்றை எழுத்து.
லெசோத்தோவில் யாரோ ஒருவர்
சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு
வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பார்.

எங்கள் மலையில்
பிறக்காத பிள்ளையின் பெயரால்
மணப்பெண்ணை அழைக்கத் தொடங்கிவிடுவார்கள்.
நாலு வருஷமாய் நான் மாகொபோட்சோ,
'நினைவு' என்பவளின் தாய்.
அவள் வந்த ராத்திரியில் பாதி
என்னிடம் இல்லை.

வெல்கோம் சுரங்கத்திலிருந்து தெஃபோ பேசினான்.
பிள்ளை எத்தனை கிலோ?
மூன்று இருநூறு.
சிரித்தான், அழுதான், ஈரல் வாங்கப் பணம் அனுப்பினான்.
நான் எத்தனை இழந்தேன் என்று கேட்கத்
தெரியவில்லை அவனுக்கு.
ஆயிரத்துத் தொள்ளாயிரம், தெஃபோ.
சொல்லவில்லை.

வாசலுக்கு ஆறு அடி.
நாலாவது அடியில்
நெஞ்சுக்குள் ஒரு குதிரை மேடேறும்.
ஈறு வெளுத்திருந்தது, இமைக்குள் வெளுத்திருந்தது.
இரும்பு மாத்திரையால் மலம் கறுக்கும் என்று
யாரும் சொல்லாததால்
ஒரு காலை முழுக்க செத்துக்கொண்டிருந்தேன்.
ஆரஞ்சோடு விழுங்கு, தேநீரோடு வேண்டாம் என்றார்கள்.
தேநீர் இல்லாமல் எப்படி அழுவது?

அண்டைவீட்டுக்காரி ஆசையாய்
பீட்ரூட் அவித்துக் கொண்டுவந்தாள்.
தட்டைப் பார்த்து வாந்தி எடுத்தேன்.
அவள் கோபித்துக்கொண்டு போனாள். இன்னும் பேசவில்லை.

பால் இறங்கவில்லை நாலு நாள்.
ஐந்தாம் நாள் இறங்கியது, மெல்ல,
வெறும் ஈரம் மாதிரி.
பிள்ளை வாய் எடுத்து எடுத்து என்னைப் பார்த்தாள்,
கடன்காரி பார்க்கிற பார்வை.
என் மருத்துவ நோட்டின் முதல் பக்கத்தில்
லிமகாட்சோ சிவப்பு மையில் எழுதியிருக்கிறாள்.
அடுத்த முறை எங்கே போனாலும்
இந்தப் பக்கத்தை முதலில் காட்டு.
அடுத்த முறையாம்.

கத்தரிப்புக் காலத்தில் வேலைக்குத் திரும்பினேன்.
பிள்ளை முதுகில், போர்வை இறுக்கிக் கட்டி.
மூட்டை தூக்க வேறு ஆள்.
நான் முள்ளைப் பார்த்தேன், எண்ணைக் கூவினேன்,
இடையில் இரண்டு முறை உட்கார்ந்தேன்.

எல்லோரும் போனபின்
மாதிரிக் கம்பளி நிறுக்கும் சின்னத் தராசில்
அவள் அரைத்துணியை அவிழ்த்து வைத்தேன்.
முந்நூற்றுப் பத்து.
உலர்ந்தது இருநூற்று நாற்பது.

கழித்தேன்.
மறுபடி ஒருமுறை கழித்தேன்.
எழுபது கிராம்
என் பால், அவள் வழியாக.

பேரேட்டில் எழுதவில்லை.
கூவினேன் மட்டும்,
காலிக் கொட்டகையில்.