நான்காம் படம்

சுவரில் ஒட்டிய வழிகாட்டித் தாளில்
நான்காம் படத்தை ஈரம் தின்றுவிட்டது.
மூன்று வரை தெரிகிறது: துடை, போர்த்து, முதுகைத் தேய்.
ஐந்தில் குழந்தை அழுகிறது, தாய் சிரிக்கிறாள்.
நடுவில் பூஞ்சை.

உசிலம்பட்டிக்கு மேற்கே, டாக்டர் பகலில் மட்டும் வரும் ஆஸ்பத்திரி.
ராத்திரி மூன்று பத்து.
ஒச்சம்மாளுக்குத் தலைப்பிரசவம்.
வந்தது, நாவல்பழ நிறத்தில்,
சத்தமே இல்லாமல்.

துடைத்தேன். தேய்த்தேன். கொடியை வெட்டினேன்.
வார்மர் விளக்கு ஆடியிலேயே பீஸ் போயிற்று,
இன்டென்ட் நான்கு முறை எழுதியாயிற்று.
ஒரு நிமிடத்துக்குள் மூச்சு என்கிறது தாள்.
சுவர்க் கடிகாரத்தில் வினாடி முள் இல்லை.

மதுரையில் மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள்
ஏசி அறை, ரப்பர் பொம்மை.
பொம்மை வழுக்கவில்லை.
பொம்மைக்கு வாசலில் மாமியார் நிற்கவில்லை.

தலையை லேசாக நிமிர்த்தி
மாஸ்க்கைப் பொருத்தி
கடிகாரமாக நானே ஆனேன்:
அமுக்கு, விடு, விடு.
அமுக்கு, விடு, விடு.
ஆயா சுருளியம்மாளும் கூடச் சொன்னாள்.
மேஜையில் கிடந்த ஒச்சம்மாளும்
ஏதோ மந்திரம் என்று நினைத்து
அமுக்கு, விடு, விடு.

மார்பு எழவில்லை.
காற்று கன்னத்தோரம் கசிகிறது.
சின்ன அளவு மாஸ்க் பீரோவில்,
பீரோ சாவி பகல் டூட்டி கிரேஸ்மணியிடம்,
கிரேஸ்மணி திருமங்கலத்தில் தூங்குகிறாள்.
சுண்டுவிரலால் ஓரத்தை அடைத்தேன்,
எந்தப் படத்திலும் இல்லாதது.

எழுந்தது.
தீப்பெட்டி திறக்கிற அளவு.
பிறகு இன்னொரு தரம்.
எத்தனையாவது விடுவில் என்று தெரியாது,
எண்ணெய் காணாத கதவு மாதிரி ஒரு கிறீச்.
அப்புறம்தான் அழுகை,
வார்டு முழுக்க, வெட்கமில்லாமல்.

ஒச்சம்மாளின் நெஞ்சில் வெறும் உடம்போடு கிடத்தி
அவள் சேலையாலேயே மூடினேன்.
மாமியார் அண்டாவில் வெந்நீரோடு வந்தார்.
குளியல் நாளைக்குத்தான் என்றேன்.
"இம்புட்டுத் தண்ணிய என்ன செய்ய?"
"நீங்க மூஞ்சி கழுவுங்க."
மடியில் சீனித்தண்ணி டம்ளர் இருந்ததையும் பார்த்தேன்.
அதைச் சுருளியம்மாள் வாங்கிக் குடித்துவிட்டாள்.

ரெஜிஸ்டரில் ஒரு கட்டம்:
வெப்பக் கருவி இயங்குகிறதா?
ஆம் என்று எழுதினேன்.
இன்ஸ்பெக்‌ஷனில் எங்கே என்று கேட்பார்கள்.
டிஸ்சார்ஜ் ஆகிவிட்டது என்பேன்.

மாஸ்க்கைச் சோப்புப் போட்டுக் கழுவி
குளோரின் தண்ணீரில் போட்டேன்.
பத்து நிமிடம் ஊற வேண்டும், பிறகு காய வேண்டும்.
போன் அடிக்கிறது.
எழுமலையிலிருந்து நூற்றெட்டு கிளம்பிவிட்டதாம்.
சுருளியம்மா,
அந்த ஃபேனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு.