காரணம்: கீழ்ப்படியாமை

மெமோவில் மூன்று வரிதான்.
பெயர்: சலேத்மேரி. வேலை: இரவுக் காவல்.
காரணம் என்ற இடத்தில்
கீழ்ப்படியாமை என்று நானே எழுதினேன்,
மை காய ஊதியும் விட்டேன்.

ஒன்பது மணிக்கு மேல் கேட் திறக்கக் கூடாது.
மஞ்சக்குப்பத்தில் எந்த விடுதிக்கும் உள்ளதுதான்.
எங்கள் சுவரில் அதை
நீலப் பெயின்டில் எழுதவைத்தவள் நான்.

ஐப்பசி மழை. கெடிலம்
பாலத்தின் கழுத்துவரை வந்திருந்த இரவு.
கரண்ட் இல்லை. பதினொன்றே முக்காலுக்கு
யாரோ இரும்பைத் தட்டியிருக்கிறார்கள்.
நான் மாடியில். கேட்கவில்லை.
பொய்.
கேட்டது. காற்றில் ஆடும் தகரம் என்று நினைத்துக்கொண்டேன்.

சலேத்மேரிக்கு இடது காது மந்தம்.
அடைமழையில் நின்றபடி கேட்டால் ஒன்றும் பிடிபடாது.
ஈரத்தில் மண்டியிட்டு,
இரும்புக்கும் தரைக்கும் நடுவில்
நாலு விரல் சந்தில்
வலது காதை வைத்திருக்கிறாள்.
"தட்டுறது நின்னுபோச்சு மேடம்.
மூச்சு மட்டும் வந்துச்சு.
மூச்சுக்குத் தொறந்துட்டேன்."

சிப்காட்டில் ஏதோ கம்பெனியாம். எங்கள் பிள்ளை அல்ல.
பெயர் கேட்டதற்குப் பல்லைக் கிட்டித்துக்கொண்டு நடுங்கியதாம்.
ஐந்து மாதம்.
முழங்கால் தண்ணீரில் ஒரு மீன்பாடி வண்டி,
பிறகு அரசு ஆஸ்பத்திரி.
பிள்ளை தங்கவில்லை.
பெண் தங்கினாள்.

விடிந்த பிறகே எனக்குச் சொன்னாள்,
கையில் டீ டம்ளரோடு,
தப்பு செய்த முகமே இல்லாமல்.
"நான் சொன்னா கேக்கமாட்டியா?" என்றேன்.
"கேட்டதாலதான் மேடம்" என்றாள்.

இறையியல் கல்லூரியில் இரண்டு வருடம் கிரேக்கம் படித்தவள் நான்.
ஹூபகொயே: கீழ்ப்படிதல். அரை மதிப்பெண்.
பிரித்துப் பார் என்று யாரும் சொல்லவில்லை.
மெமோவை மடிக்கும் முன்பு பிரித்தேன்.
ஹூபோ, கீழே.
அகொயே, கேட்டல்.
படிதல் எங்கே?
அது நம் ஊரில் சேர்ந்தது,
தூசி படிவதுபோல, உப்புக்காற்றில் ஜன்னல் கம்பிமேல்
துரு படிவதுபோல.
அங்கே கீழே இறங்குவது காது.

அகராதியில் அந்த வினைக்குத் தள்ளி ஒரு பொருள் இருந்தது:
தட்டும் சத்தத்துக்கு வாசலில் போய்க் காது கொடுத்தல்.
எருசலேமில் ஒரு வேலைக்காரப் பெண் நள்ளிரவில் அதைச் செய்தாள்.
ஒற்றுக்கேட்டல் என்கிறது நம் பழைய மொழிபெயர்ப்பு.
ஞாயிறு பள்ளி வயதில் அதைப் படித்து
அவளை வம்புக்காரி என்றே நினைத்திருந்தேன்.
அவள்கூட, வந்திருப்பது யாரென்று தெரிந்த சந்தோஷத்தில்
கதவைத் திறக்க மறந்து உள்ளே ஓடினாள்.
யாரென்று தெரியாமலே திறந்தாள் சலேத்மேரி.

காற்றும் கடலும் அவருக்குச் செய்தது இதே வினைதான்.
கடலூரில் இருந்துகொண்டு அதை நம்புவது
சில வருடங்களில் சிரமம்.

மெமோவைக் கிழிக்க முடியாது. கமிட்டிக்கு ஃபைல் வேண்டும்.
கடைசி இரண்டு எழுத்தை மட்டும் அடித்தேன், யாவும் மையும்.
மிச்சம் நின்றது கீழ்ப்படி.
எங்கள் கேட்டுக்கு வெளியே அப்படி ஒன்று உண்டு,
மழைத்தண்ணீர் முதலில் ஏறும் படி.

இன்றைக்கு மழை இல்லை.
பத்தரைக்கு இறங்கிப்போய் அதில் உட்கார்ந்தேன்.
தவளை. நெல்லிக்குப்பம் ரோட்டில் கரும்பு லாரி.
சலேத்மேரி ஒன்றும் கேட்கவில்லை, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.
எனக்கு இரண்டு காதும் நன்றாகவே கேட்கும்.
டாக்டர் சர்டிபிகேட் இருக்கிறது.