எதிர்

சம்மனின் தலைப்பில் இருந்தது:
அமெரிக்க ஐக்கிய நாடுகள்
எதிர்
வெர்னா ஸ்கோக்ஸ்டாட்.

ஐம்பது மாநிலங்கள், அவற்றின் மலைகள், போர்க்கப்பல்கள்,
நிலவில் நட்டுவிட்டு வந்த கொடி
எல்லாம் ஒரு பக்கம்.
மறுபக்கம் நான்.
மைனாட்டுக்கு வடக்கே பன்னிரண்டு மைலில்
பயிர்க் காப்பீட்டு அலுவலகத்தில் தட்டச்சு செய்பவள்,
முழங்கால் வலிக்காரி.

பெய்யாத ஆலங்கட்டி மழையைப்
பெய்ததாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேனாம்.
பதினொரு தாள், பதினொரு குற்றம்.

அதற்கு முந்தைய பிப்ரவரியில்
காலை ஏழு மணிக்கு இரண்டு பேர் கதவைத் தட்டினார்கள்.
வெளியே மைனஸ் இருபது.
அந்தக் குளிரில் யாரை வாசலில் நிறுத்த முடியும்?
காபி கொடுத்தேன்.
எலுமிச்சைக் கேக்கில் ஆளுக்கொரு துண்டு வைத்தேன்.
கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன்,
கேட்காததற்கும்.

முதலாளி ஆர்லன் ப்ரெக்கே போன் செய்தார்.
"கவலைப்படாதே வெர்னா,
மினியாபொலிஸிலிருந்து உனக்கும் ஒரு வக்கீல் வருகிறார்,
பீஸ் என் பொறுப்பு."
பத்தொன்பது வருடம் சம்பளம் தந்த குரல்.
சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
"அவர் யாருக்கு வக்கீல், ஆர்லன்?"
என்று வந்துவிட்டது.
அந்தப் பக்கம் ஒரு இருமல்.
பிறகு, இன்னொரு அழைப்பு வருவதாகச் சொன்னார்.

வக்கீல் வைக்க வசதியில்லை என்பதற்கு ஒரு படிவம்.
கார் உண்டா, எந்த வருடத்து மாடல்,
வங்கியில் எவ்வளவு, வாடகை எவ்வளவு,
யாராவது உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறார்களா?
இந்தக் கேள்வியில்தான் பேனா நின்றது.
இல்லை என்று எழுதினேன்.
கீழே, மேற்சொன்ன யாவும் உண்மை என்று
பன்னிரண்டாவது கையெழுத்து.

லொரெய்ன் அஷூர் வந்தாள்.
டர்ட்டில் மலைக்காரி, என்னைவிட இருபது வயது இளையவள்.
அவளுக்குச் சம்பளம் தருவதும்
அதே ஐக்கிய நாடுகள்தான் என்று தெரிந்ததும்
எனக்குச் சிரிப்பு வந்தது.
பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறதா?
"ஆட்டுவது என் வேலை," என்றாள்,
"கிள்ளுகிறவர்கள் எதிர்க் கட்டடம்."

"நான் ஒரு தப்பும்..." என்று ஆரம்பித்தேன்.
கையை உயர்த்தினாள்.
"அது அப்புறம். யாரிடமாவது பேசினீர்களா?"
"காபி கொடுத்தேன்."
பேனாவை மூடினாள்.
கொஞ்ச நேரம் ஹீட்டர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
"இனி யாருக்கும் காபி கொடுக்காதீர்கள்.
சர்ச்சில்கூட."

நாற்பத்தோராயிரம் பக்கம் ஒரு சின்ன டப்பாவில் வந்தது.
என்னைப்போல் அறுபது பேர் அவளுக்கு.
இரவு பத்தரைக்கு அழைத்தாள்:
"ஜூலை பதினான்கு, ஹௌகன் வயல்,
நிஜமாகவே பெய்திருக்கிறது. ரேடார் பதிவு இருக்கிறது."
பதினொன்றில் ஒன்று.
அந்த ஒன்றுக்கு அவ்வளவு சந்தோஷப்பட்டாள்.

அப்போது சொன்னேன்.
ஏழாவது தாளில் கையெழுத்திடும்போது
ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில்.
முந்தின நாளும் வெயில்.
எனக்குத் தெரியும்.

அந்த வார்த்தைகள் எங்கும் போகவில்லை.
கோப்புக்கு இல்லை, நீதிபதிக்கு இல்லை,
எதிர்க் கட்டடத்துக்கும் இல்லை.
இந்த நாட்டில் ஒரு காது
என் உண்மையை வாங்கி வைத்துக்கொண்டு
என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தது.
"சரி," என்றாள். "எட்டாவது தாளைப் பார்ப்போம்."

பிஸ்மார்க்கில் விசாரணை அறை.
அந்தக் கோடியில் ஆர்லன், கூட மூன்று கோட்டுகள்.
அவர் என்னைப் பார்க்கவில்லை.
குமாஸ்தா வாசித்தார்,
ஐம்பது மாநிலங்களையும் ஒரே மூச்சில்.
பிறகு அந்தச் சொல்:
எதிர்.

என் கால்கள் எழுவதற்குள்
பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது.
"ஸ்கோக்ஸ்டாட் சார்பில்
லொரெய்ன் அஷூர், யுவர் ஹானர்."

உப்புப் படிந்த பூட்ஸ்.
அதிலிருந்து பனி உருகி
அரசாங்கக் கம்பளத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது.