பட்டை வரைபடம்

டுலூத்தில் டிசம்பர்.
பள்ளிப் பேருந்து வந்த பிறகும் விடியவில்லை.
பத்தொன்பது ஜோடி பூட்ஸ்
ஹீட்டரடியில் நின்று ஒழுகிக்கொண்டிருக்கின்றன.

முதல் வகுப்புக்கு இன்று இஞ்சிரொட்டி நாள்.
பாடக்குறிப்பில் நான் எழுதியிருப்பது:
நோக்கம் – பட்டை வரைபடம் வாசித்தல்.
அறையில் வீசுவது என்னவோ
வேறு பட்டை,
கிராம்பும் சுக்கும் சேர்ந்து.

ஆளுக்கொரு ரொட்டி மனிதன்.
உலர்திராட்சைக் கண்கள்,
என் தூக்கக் கலக்கத்தில் கோணிப்போன சிரிப்பு.
(நேற்றிரவு பதினொன்றரை வரை சுட்டேன்.
ஒருவன் தீய்ந்துவிட்டான்.
அவனை நின்றபடியே தின்றேன்.)

"ஒரே ஒரு கடி. அதோடு நிறுத்தணும்.
எங்கே கடித்தீர்களோ
அந்தக் கட்டத்தில் உங்கள் சதுரத்தை ஒட்டணும்."

தலை: பதினொன்று.
"முதலிலேயே தலை போய்விட்டால் அப்புறம் வலிக்காது"
என்கிறாள் தூலி. பல் மருத்துவர் மகள்.
கால்: ஐந்து.
எவரெட்டின் வாதம்: "அவன்தான் எங்கேயும் நடக்கப் போறதில்லையே."
கை: இரண்டு.
கடித்த கையைப் பார்த்து
பாகூ மெதுவாக மன்னிப்புக் கேட்கிறாள்.

கணக்கு உதைக்கிறது.
பதினெட்டுதான் வருகிறது.
விரல்விட்டு எண்ணுகிறோம்,
வரிசையில் நிற்க வைத்து எண்ணுகிறோம்,
பதினெட்டு.

வெண்டெல் கடிக்கவில்லை.
விழுந்த முதல் பல்லை
உள்ளங்கையில் பொத்திக்கொண்டு என்னிடம் வருவார்களே,
அப்படி வைத்திருக்கிறான்.

மதியம் அறிவியல்.
நீலத் தட்டில் தண்ணீர்.
தலையில்லாத ஒருவனை உள்ளே விடுகிறோம்.
மிதப்பான், மூழ்குவான், கரைவான்:
கை தூக்கி வாக்கெடுப்பு.
ஏழாவது நிமிடம்
சுக்குப் போட்டுச் செய்தவன்
சுக்குநூறு.
வகுப்பே கைதட்டுகிறது.
வெண்டெல் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறான்.

அவசரத் தொடர்புப் படிவத்தில்
அவன் வீட்டார் எழுதியிருந்தது
அப்போதுதான் எனக்கு நினைவு வருகிறது:
தந்தை – இரும்புத்தாதுக் கப்பல்.
கரையில் இருக்கும் நாட்களில் மட்டும் அழைக்கவும்.

அடுத்த வேலையை முன்னால் இழுத்துக்கொள்கிறேன்.
"ஆளுக்கொரு அலுமினியத் தாள். படகு கட்டுங்க,
உங்க ஆள் நனையாமல் அக்கரை போகணும்."

கொடி வைத்த படகுகள், அன்னக் கழுத்துப் படகுகள்,
தூலியுடையதில் இதயம்கூட இருக்கிறது.
வெண்டெலுடையது அழகே இல்லை.
நீளம். தட்டை அடி. செங்குத்துச் சுவர்.
ஆளை ஏற்றவில்லை அவன், முதலில் சில்லறை,
ஒவ்வொரு காசாக,
மூலைக்கு ஒன்று, மூலைக்கு ஒன்று, பிறகு நடுவில்.
பன்னிரண்டில் அன்னம் மூழ்கிற்று.
பதினாறில் இதயம்.
நாற்பதில் அவனே நிறுத்தினான்.
"இன்னும் தாங்குமே!" என்று கத்தினான் எவரெட்.
"தாங்கும். ஆனா அலை வரும்."

காசையெல்லாம் எடுத்துவிட்டு
ரொட்டி மனிதனை மல்லாக்கப் படுக்க வைத்தான்.
யார் ஊதியது என்று தெரியவில்லை,
படகு போய் அக்கரை தொட்டது.

"இப்போ கடிக்கலாமே?" என்றேன்,
வரைபடத்தை மனதில் வைத்துக்கொண்டு.
"வியாழக்கிழமை" என்றான்.

மூன்று நாள் அந்தப் பலகையில் ஓர் ஓட்டை.
தலைமையாசிரியர் திருமதி ஹவிஸ்டோ
வந்து எண்ணிப் பார்த்து
என்னைப் பார்த்தார்.
நான் விடுப்பு என்றேன்.

வியாழன், கழித்தல் பாடத்தின் நடுவில்
கீழே துறைமுகத்தில் சங்கு.
பாலம் பதில் ஊதியது.
எங்கள் ஜன்னலிலிருந்து ஏரி தெரியாது,
பனி மூடிய கார் நிறுத்தம்தான்.
வெண்டெல் மேசையைத் திறந்தான்.
ரொட்டி அதற்குள் கல்லாகியிருந்தது.
மேசை விளிம்பில் தட்டி உடைத்து
ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டான்,
இன்னொன்றைக் கையுறைக்குள் திணித்தான்.
"இது நாலு மணிக்கு."

சதுரத்தை எடுத்துக்கொண்டு போய்
தலைக்கும் காலுக்கும் நடுவே நின்றான்.
"பாதிக்கு எங்கே ஒட்டணும்?"

பாதி
எங்கள் பாடத்திட்டத்தில்
மார்ச்சில்தான் வருகிறது.